லேசர் யார் கையில்?

நாளிதழுக்குள் மடித்து வைத்து வரும் துண்டறிக்கையை யாரும் ஒரு பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. ஆனால் பெண்ணுடலைப் பற்றி எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் கண்ணில் படுகிற எழுத்து அதுதான். நெடுங்காட்டில் எங்கள் வீட்டுக்கு ஆவணி முகூர்த்தங்களுக்குச் சற்று முன்பாக வந்த ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். வழவழப்பான தாள். ஒரு பெண்ணின் முகம், நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெளுப்பு. தேவையற்ற முடி, மங்கு, மரு, பரு வடு, பச்சை குத்தியது எல்லாவற்றுக்கும் லேசர் மூலம் நிரந்தரத் தீர்வு என்கிறது. வலி இல்லையாம், பக்கவிளைவு இல்லையாம். மணப்பெண்ணுக்குத் தனிப் பேக்கேஜ், அக்கா தங்கையாக வந்தால் சலுகை. இயந்திரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கைபேசி எண் இருக்கிறது. மருத்துவர் பெயர் மட்டும் இல்லை.

இந்த ஒரு இல்லாமையிலிருந்துதான் இந்த வாசிப்பைத் தொடங்க விரும்புகிறேன். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகும்போது நாம் ‘எந்த டாக்டர்?’ என்று கேட்கிறோம். பிரசவத்துக்குக் கேட்கிறோம், பல் பிடுங்கக் கேட்கிறோம். முகத்தைச் சுடும் ஒளியை ஒருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருக்க நாம் பழக்கப்பட்டது எப்படி?

முதலில் சொற்கள். ‘தேவையற்ற முடி’ என்பதில் தேவையை முடிவு செய்தவர் யாரென்று அந்தத் தாள் சொல்லாது. ஆணின் மேலுதட்டில் இருந்தால் மீசை, அதற்குப் பாட்டு உண்டு, முறுக்கு உண்டு. பெண்ணின் மேலுதட்டில் இருந்தால் குறை. குப்பைமேனியும் கோரைக்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிய நம் பாட்டிமார் காலத்திலும் இந்தக் குறை இருந்தது. இன்று அதே குறைக்கு விலைப்பட்டியல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘மாநிறம்’ என்று எழுதினால் கறுப்பு என்று படித்துக்கொள்ள நமக்குத் தெரியும். அதே பயிற்சியோடு ‘நிரந்தரம்’, ‘பக்கவிளைவு இல்லை’ என்ற சொற்களையும் படிக்க வேண்டும்.

1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் சோதிக்கத் தொடங்கினார். இன்றைய அழகு லேசருக்கு அடிப்படையான கருத்தை ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். சரியான அலைநீளம் கொண்ட ஒளியை, சரியான நேர அளவுக்குச் செலுத்தினால், சுற்றியுள்ள திசுவை விட்டுவிட்டு இலக்கை மட்டும் சுட முடியும் என்பது அதன் சாரம். முடி நீக்கத்தில் அந்த இலக்கு மெலனின், அதாவது முடிக்குக் கறுப்பைத் தரும் நிறமி.

நமக்கான சிக்கல் இங்கே தொடங்குகிறது. அதே மெலனின்தான் நம் தோலுக்கும் நிறம் தருகிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் ஒளி தோலைக் கடந்து நேராக முடியின் வேருக்குப் போகும். நம் தோலோ அந்த ஒளியைப் போகும் வழியிலேயே வாங்கிக்கொள்ளும். வாங்கிய ஒளி சூடாகும். அளவு தப்பினால் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கரும் தழும்பு, சிலருக்கு நிறமே போய் வெள்ளைத் திட்டு. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரை மெலனின் அதிகமாக உறிஞ்சும். 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசரைக் குறைவாக உறிஞ்சும், அது ஆழமாகவும் இறங்கும். கறுத்த தோலுக்கு இரண்டாவது பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் கருதுவதற்குக் காரணம் இதுவே. எது என்று தேர்வதும், ஆற்றலையும் துடிப்பின் நேரத்தையும் தோலின் மேற்பரப்பைக் குளிர்விப்பதையும் ஆளுக்கு ஆள் மாற்றி வைப்பதும் இயந்திரத்தை இயக்குபவரின் வேலை. இயந்திரம் எந்த நாட்டுடையது என்பது இதில் எதற்கும் பதில் ஆகாது.

தோலை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் உருவானபோது வெள்ளைத் தோலைத்தான் கணக்கில் எடுத்தது. மாநிறமும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்ட வகைகள். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பின்சேர்க்கையில்தான் வருகிறோம். அறிவியலின் ஓரத்தில் வைக்கப்பட்ட தோல் விளம்பரத்தின் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது படிப்பும் அனுபவமும்.

‘நிரந்தரம்’ என்பதையும் பார்ப்போம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய லேசர்களுக்கு அனுமதிக்கும் சொல் நிரந்தரக் குறைப்பு. நிரந்தர நீக்கம் என்று அது சொல்வதில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் லேசருக்குச் சிக்கும். ஆகவே பல வாரங்கள் இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும். நரைத்த முடியில் நிறமி இல்லை என்பதால் அது அசையாது. மங்கு இன்னும் பிடிவாதமானது. வெயில், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை என்று காரணங்கள் பல. லேசரால் தணிந்த மங்கு திரும்பி வரலாம், முன்பைவிட அதிகமாகவும் வரலாம். வெயில் தடுப்பும் பூச்சு மருந்தும் முதலில், லேசர் கடைசியில் என்பதே கவனமான மருத்துவரின் வரிசை. துண்டறிக்கையின் வரிசை நேர் எதிர்.

அந்தக் கவனமான மருத்துவரை எப்படி அடையாளம் காண்பது? எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி. டி.வி.எல். படித்தவர், அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பெற்றவர், அல்லது அதே துறையில் பட்டயம் பெற்றவர் தோல் மருத்துவர். டி.வி.எல். என்ற மூன்று எழுத்தில் முதலாவது தோல், இரண்டாவது பால்வினை நோய், மூன்றாவது தொழுநோய். இந்த மூன்றாவது எழுத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். முகத்தில் வெளிறிய ஒரு திட்டைப் பார்த்தால் அது தேமலா, ஊட்டக் குறைவா, உணர்ச்சி மரத்துப்போன தொழுநோய்த் திட்டா என்று தொட்டுப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் அவர். கறுத்து வளரும் மச்சத்தைச் சுடுவதற்கு முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று யோசிப்பவரும் அவரே. ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’, ‘ஸ்கின் எக்ஸ்பர்ட்’, ‘லேசர் தெரபிஸ்ட்’ என்ற பட்டங்கள் காதுக்கு மருத்துவம்போல ஒலிக்கும். சில நாள் பயிற்சிச் சான்றிதழாகவும் இருக்கலாம். அழகுக் கலையைப் படித்து, நூல் கட்டி, வாக்ஸ் செய்து பிழைக்கும் பெண்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தொழில் நேர்மையானது. தோலின் நோயைக் கண்டறிவது அந்தத் தொழிலுக்குள் வராது. தெரியாத வேலையை அவர்கள் தலையில் கட்டி, தப்பு நடந்தால் அவர்களை முன்னால் நிறுத்துகிற முதலாளிதான் என் குற்றச்சாட்டுக்கு உரியவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு மருத்துவ முறையைப் படித்துவிட்டு வேறு முறையில் சிகிச்சை செய்வது அலட்சியமே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பூனம் வர்மா வழக்கில் சொன்னது. கணவனை இழந்த ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது அதற்கு முந்தைய ஆண்டே, வி.பி. சாந்தா வழக்கில் உறுதியானது.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிக் குழப்பமும் உண்டு. 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் துண்டு நிலம். சுற்றிலும் தமிழ்நாடு. நெடுங்காட்டுப் பெண் காரைக்காலுக்குப் போனால் அங்கே பொருந்துவது 2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனச் சட்டம். பஸ் ஏறி மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ போனால் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் கேட்பது ஒன்றையே, நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆனால் புகார் எங்கே கொடுப்பது என்பது எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போவதற்கு முன் தெரிந்துகொண்டால் பிறகு அலைய வேண்டாம்.

இத்தனை சட்டம் இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை? எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு. தாடையில் முடி. வகுப்பில் முகக்கவசத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவள். வீட்டில் சொல்லாமல், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு பக்கத்து நகரத்தில் ஒரு இடத்துக்குப் போனாள். மூன்றாவது முறை தாடையில் பட்டை பட்டையாகக் கருத்துப்போனது. ‘வெயிலில் அலைந்திருப்பீர்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். ரசீது இல்லை. கையெழுத்து வாங்கிய தாளின் நகல் இல்லை. சிகிச்சை செய்தவர் பெயர் தெரியாது. புகார் கொடுக்கலாம் என்றேன். ‘எதுக்குப் போனேன்னு கேப்பாங்களே அக்கா’ என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்த வணிகம் நிற்கிறது. மறைத்துப் போகிறவள் துணைக்கு ஆள் கூட்டிப்போக மாட்டாள். ரசீது கேட்க மாட்டாள், கேட்டாலும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். முகம் சுட்டாலும் வாய் திறக்க மாட்டாள். தகுதியற்றவர்களுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது. வெட்கம் நம்முடையதாக இருக்கும்வரை லாபம் அவர்களுடையது.

அந்தப் பெண்ணைப் பின்னர் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் முதலில் கேட்டது மாதவிடாயைப் பற்றி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொன்னாள். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பி.சி.ஓ.எஸ். என்று நாம் சொல்வது, இருந்தது. தாடையில் வந்த முடி உடம்பு அனுப்பிய செய்தி. மூன்று முறை பணம் வாங்கியவர்கள் அந்தச் செய்தியைப் படிக்காமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் முடி வந்துகொண்டுதான் இருக்கும்.

இதன் இன்னொரு முகம் முகப்பூச்சு. பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘செவக்கிற கிரீம்’ பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய சில நாளில் முகம் தெளியும், சில மாதத்தில் மெலியும், சிவக்கும், பரு வெடிக்கும், நிறுத்தினால் எரியும். 2018இல் தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. அப்படி மெலிந்த முகத்தோடு வருகிறவளிடம் ‘இதுவரை என்ன பூசினாய்?’ என்று கேட்காமல் லேசரை எடுப்பவர் மருத்துவர் அல்ல.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கொம்யூனில் நடவுக்கும் களைக்கும் இறங்கும் பெண்களுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பெரும்பாலும் தலித் பெண்கள். மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாள் மீண்டும் சேற்றில் கால் வைப்பார்கள். அதுவும் தோல்தான், அதுவும் தோல் மருத்துவரின் வேலைதான். ஆனால் அதற்கு வழவழப்பான துண்டறிக்கை வராது. பிறர் கண்ணுக்கு முன் நிற்கும் தோலுக்குச் சந்தை இருக்கிறது. உழைக்கும் தோலுக்கு அரசு மருத்துவமனை வரிசை இருக்கிறது. ஒரே உறுப்பை இரண்டு வகுப்பாகப் பிரித்தது மருத்துவ நூல் அல்ல. அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவரோ படித்த தோல் மருத்துவர். துண்டறிக்கையின் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியாது. ஆகவே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு முதலில் போய்வாருங்கள் என்று மாணவிகளிடம் சொல்கிறேன். லேசர் வேண்டுமா, வேண்டாமா என்ற பதிலாவது விற்பனை நோக்கம் இல்லாமல் கிடைக்கும்.

பெண்ணியம் பேசும் நம் எழுத்துகள் மீதும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. நிறவெறியைப் பற்றி நாம் நன்றாகவே எழுதியிருக்கிறோம். 2009இல் சென்னையிலிருந்து தொடங்கிய ‘கறுப்பே அழகு’ இயக்கத்தையும், அதில் குரல் கொடுத்த நந்திதா தாஸையும் பாராட்டினோம். 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டதைக் கிண்டல் செய்தோம். அழகுச் சந்தையை நிராகரி என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தோம். அதன்பிறகும் தாடையில் முடியோடு, காதலித்தவன் பெயரைக் கையில் பச்சையாகச் சுமந்துகொண்டு, தீப்புண் தழும்போடு ஒருத்தி கிளினிக் வாசலில் நிற்கிறாள். அவளிடம் சொல்ல நம்மிடம் ஒரு வரி இல்லை. நிராகரிக்க முடிந்தவளுக்கு நம் கட்டுரை துணை நின்றது. முடியாதவளைத் துண்டறிக்கையிடம் விட்டுவிட்டது. ‘அழகு உள்ளத்தில் இருக்கிறது’ என்று ஆண்கள் மேடையில் சொல்வதற்கும் நாம் அவளிடம் காட்டிய மௌனத்துக்கும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே அவளை வெட்கப்பட வைத்தன. வெட்கப்பட்டவள் எங்கே போய் நிற்பாள் என்று மேலே பார்த்தோம்.

பட்டம் இருந்தால் போதுமா என்றும் கேட்க வேண்டும். 2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன் தோல் சிகிச்சைக்குப்பின் கண்ணுக்குக் கீழே வீங்கிய தன் படத்தை வெளியிட்டு, தனக்குத் தேவைப்படாத சிகிச்சை செய்யப்பட்டதாகச் சொன்னார். மருத்துவர் தரப்பு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுத எனக்கு உரிமை இல்லை. அப்போது என்னைச் சுற்றிக் கேட்ட பேச்சுதான் என் அக்கறை. ‘இருக்கிற முகத்தை வெச்சிக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா’ என்றார்கள். சம்மதத்தைப் பற்றிய ஒரு புகார், கேட்டவர் காதில் ஒழுக்கத்தைப் பற்றிய புகாராக மாறியது.

சம்மதம் என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் விரிவாகச் சொன்னது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணின் உடலுக்கு அவளுடைய சம்மதமே சம்மதம், ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். முகத்தில் ஒரு லேசர் துடிப்புக்கும் அதே விதிதான். நாற்காலியில் சாய்ந்தபின் ‘இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்மா’ என்று கேட்பது சம்மதம் வாங்குவது ஆகாது.

ஆகவே கேள்விகளோடு போக வேண்டும். உங்கள் பதிவு எண் என்ன, எந்த மருத்துவக் கவுன்சிலில்? தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு, தேடினேன் என்று சொல்வது அவமரியாதை அல்ல. லேசரைப் பிடிப்பது நீங்களா, உதவியாளரா? உதவியாளர் என்றால் நீங்கள் அந்த அறையில் இருப்பீர்களா? இது எந்த வகை லேசர், என் நிறத்துக்கு ஏன் இது? காதோரத்தில் சிறு இடத்தில் சோதித்துவிட்டுச் சில நாள் பார்க்கலாமா? கண்ணுக்குக் கவசம் உண்டா? எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு, பலன் இல்லையென்றால் என்ன? சுட்டுவிட்டால் இரவில் யாரைக் கூப்பிட வேண்டும்? சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாமா? நல்ல மருத்துவர் இவற்றில் பாதியை நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். நாம் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், வயல் வெயில், முன்பு பூசியது என்று அவரும் நம்மைக் கேட்பார். சில சமயம் ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்றும் சொல்வார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் அடுத்த முறையும் போக வேண்டும். முழுப் பேக்கேஜுக்கும் இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தோலையும் பெண்ணையும் பற்றிப் பேசும்போது எங்கள் மண்ணின் புனிதவதியைத் தவிர்க்க முடியாது. சேக்கிழார் சொல்லும் கதையில், மாங்கனி அற்புதம் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் பாண்டிநாடு போய் வேறு மணம் செய்துகொள்கிறான். அவனுக்காகச் சுமந்த அழகுத் தசை இனி வேண்டாம், பேய் வடிவம் தா என்று அவள் இறைவனிடம் கேட்டுப் பெறுகிறாள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் அவள் பெயரால் வீசப்படும் மாம்பழத்தை ஏந்திப் பிடிக்கிற கூட்டத்தில், அந்தக் கேட்டல் எவ்வளவு பெரியது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எல்லாப் பெண்ணும் அழகைத் துறக்க வேண்டும் என்பதற்கு நான் அவளைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. உடம்பை என்ன செய்வது என்ற முடிவை அவள் கணவனிடமோ ஊரிடமோ கேட்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதை ஐயமில்லாமல் சொன்னாள், கொடுக்கக் கூடியவரிடம் கேட்டாள். முடியை எடுக்க நினைப்பவளுக்கும், இருக்கட்டும் என்று விடுபவளுக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

தாடையில் கருத்த பட்டைகள் மெல்ல மங்கிவரும் அந்தப் பெண் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். மருத்துவர் பெயர், பதிவு எண், தேதி, மருந்து, கட்டிய தொகை. விடுதித் தோழிகள் இருவர் அதைப் பார்த்துத் தாங்களும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். லேசர் செய்துகொள்வதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை.